லேசா முடியலை

பெற்றோருக்கு அனுப்பிய கடிதத்தின் அடியில் கல்லூரியின் கணினி விரிவுரையாளர் ஜெயகிருஷ்ணன் தன் செல்போன் எண்ணைப் போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை பிள்ளைகளோடு பேச முடியாது. அவசரம் என்றால் மட்டும் இந்த எண்.

அவன் நோட்டில் அது பதினோராவது வரி. அதற்கு முன்னால் மின்வெட்டு நேரம், ஜெனரேட்டர் டீசல், முப்பத்தாறு கம்ப்யூட்டர்கள், இரண்டு உபரி, கழிப்பறைச் சாவி என்று பத்து வரிகள். மதியச் சாப்பாடு புளியோதரைப் பொட்டலம். சாம்பார் சாதம் போட்டால் தூங்கிவிடுவார்கள். பிள்ளைகளின் செல்போன்களை வாங்கிவைக்க மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே டிக் போட்டான். மூன்று வாரம் இதே வேலை.

வெளிநாட்டில் நடக்கிறது என்று இணையத்தில் படித்திருந்தான். இரவு பகலாக உட்கார்ந்து, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு புரோகிராமை எழுதி முடிக்கும் போட்டி. பெயர் ஹேக்கத்தான். தாளாளர் மந்திரமூர்த்தியிடம் போய்ச் சொன்னான். அவருக்கு ஜின்னிங் மில் இருந்தது. கல்லூரி அதற்குப் பிறகு வந்தது.

"ஹேக்குன்னா கம்ப்யூட்டர்ல திருடுததுதானவே? பேப்பர்ல போட்டிருந்தான்."

"இது வேற சார்."

"வேறயா இருந்தா பேரையும் வேறயா வையும். அப்புறம் ராத்திரி கீத்திரி எல்லாம் கிடையாது. பொம்பளப்பிள்ளைகளை விடிய விடிய லேப்ல வச்சிருந்தேன்னா, விடியும்போது காலேஜ் இருக்காது."

கணினி மாரத்தான் 2008 என்று பேனர் அடித்தார்கள். இருபத்துநாலு மணி நேரம் எட்டானது.

"மெட்ராஸ்காரி பாத்துட்டுப் போகட்டும்" என்றார் தாளாளர். "ஜனவரியில கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்க வந்துச்சுன்னா ஹெச்.ஓ.டி. சேர்ல உக்காரும். வரலைன்னா உம்ம வழியைப் பாத்துக்கிடும். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

மெட்ராஸ்காரி கிருஷ்ணப்ரியா. மென்பொருள் கம்பெனியில் மேலாளர். காலை ரயிலில் வந்து, நாலு மணிக்கு மூன்று புரோகிராம்களைப் பார்த்துவிட்டு, இரவு ரயிலில் திரும்புவதாக ஏற்பாடு.

பன்னிரண்டு குழுக்கள். எட்டு மணிக்கு மணி அடித்தான். ஒன்பதரைக்கு ஒரு சுற்று வந்தபோது அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து குழுக்கள் கால்குலேட்டர் செய்துகொண்டிருந்தன. நாலு, நூலகப் புத்தகப் பட்டியல். இரண்டு, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் இருந்தன.

மிச்சம் ஒன்று. மூன்றாம் வருடத்துப் பொன்மணியின் குழு. ஹாஸ்டல் பெண். எட்டயபுரத்துக்கு அப்பால் பத்து கிலோமீட்டரில் ஊர். அப்பா சோலைச்சாமி ஆடு மேய்ப்பவர். அவள் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கோவில்பட்டி, எட்டயபுரம், மணியாச்சி என்று நின்று, பஸ் வரும் நேரம், போகும் நேரம் எல்லாவற்றையும் ஒரு டயரியில் எழுதி வைத்திருந்தாள். மினி பஸ்கள்கூட. எங்கே நிற்கிறோம், எங்கே போக வேண்டும், எத்தனை மணி என்று சொன்னால் எந்தப் பஸ் என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். இடையில் எங்கே மாறலாம் என்றும்.

செல்வகணேஷ் டயரியைப் பார்த்துத் தட்டச்சு செய்தான். பிரித்திகா திரைக்கு நிறம் போட்டாள். மாறும் கணக்கு முழுவதும் பொன்மணி. அவளை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பஸ்களின் பட்டியல்.

"முடியுமா?" என்று கேட்டான் ஜெயகிருஷ்ணன்.

"நீங்க நிக்காம இருந்தா முடியும் சார்" என்றாள் பொன்மணி. தலைமுடியில் பென்சிலைச் செருகியிருந்தாள்.

பதினொன்று இருபதுக்குப் போன் வந்தது.

"சார், பொன்மணியோட தாய்மாமா பேசுதேன். தங்கப்பாண்டி."

"சொல்லுங்க."

"அவ அப்பாவுக்கு லேசா முடியலை சார். பிள்ளையைக் கையோட அனுப்பி வைங்க. அவகிட்ட ஒண்ணும் சொல்லிக்கிட வேண்டாம். பதறிருவா."

"சரி" என்றான். ஒரு ரூபாய் போன். காசு தீர்ந்து இணைப்பு அறுந்தது.

அவன் வராந்தாவில் நின்றான். வெளியே உழுது போட்ட கரிசல் வெடித்துக் கிடந்தது.

அவன் கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது அண்ணன் போன் செய்திருந்தான். அப்பாவுக்கு லேசா முடியலைடே, கிளம்பி வா. அவன் ஒரு கிலோ சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான். தெருமுனையில் திரும்பியபோது வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. சாத்துக்குடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். அதற்குப் பிறகு அவன் பலமுறை கவனித்திருக்கிறான். இந்தப் பக்கத்தில் யாரும் போனில் செத்துப்போனார் என்று சொல்வதில்லை. லேசா முடியலை. ஒண்ணும் சொல்ல வேண்டாம். கையோட அனுப்புங்க.

ஹாஸ்டல் வார்டன் கோமதியம்மாள் பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னான்.

"லேசான்னா சொன்னாவ?"

"ஆமா."

"ஒண்ணும் சொல்லிக்கிட வேண்டாம்னாவளா?"

"ஆமா."

"அப்பப் போயிட்டாரு." அவள் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "பாவம். பிள்ளையை அனுப்பிருங்க சார்."

"அனுப்பத்தான் போறேன். அஞ்சு மணிக்கு."

கோமதியம்மாள் அவனைப் பார்த்தாள்.

"போனவரு போயிட்டாரு" என்றான். "இப்பப் போனா பிணத்தைப் பாப்பா. அஞ்சு மணிக்குப் போனாலும் அதே பிணத்தைத்தான் பாப்பா. சொந்தக்காரங்க எல்லாம் வந்து சேரணும். காலையிலதான் எடுப்பாங்க. அவளை அனுப்பிட்டா நாலு மணிக்கு மெட்ராஸ் அம்மாகிட்ட என்னத்தைக் காட்டுறது? கால்குலேட்டரா?"

"நாளைக்கு அந்தப் பிள்ளை கேட்டா?"

"ஜெயிச்சா அவளுக்கு வேலை கிடைக்கும். அப்பன் இல்லாத பிள்ளை. வேலை வேணும்ல?"

கோமதியம்மாள் கீழே வைத்த பொட்டலத்தை எடுத்தாள். பிறகு மறுபடி எண்ணத் தொடங்கினாள்.

மதியம் அவள் பொன்மணிக்கு மட்டும் இரண்டு பொட்டலம் கொடுத்தாள். இரண்டு வடை.

"எனக்கு எதுக்கு மேடம் ரெண்டு?"

"சாப்பிடுட்டி. இனிமே எப்பச் சாப்பிடுவியோ."

"ஹாஸ்டல்ல சாயங்காலம் உப்புமா போடுவீயளே. அதுவும் கிடையாதா?"

பிரித்திகா சிரித்தாள். கோமதியம்மாளும் சிரித்தாள். பொன்மணி ஒரு வடையை செல்வகணேஷுக்குக் கொடுத்தாள். வார்டன் அதைப் பிடுங்கித் திரும்ப அவள் பொட்டலத்திலேயே வைத்தாள்.

இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் நாற்பது விநாடியில் எடுத்தது. அதுவரை யூ.பி.எஸ். தாங்கியது. ஒரு கம்ப்யூட்டர்கூட அணையவில்லை. அந்த வரிக்கு எதிரே ஜெயகிருஷ்ணன் இரண்டாவது டிக் போட்டான்.

இரண்டு இருபதுக்கு மறுபடி போன்.

"சார், நான் பொன்மணி அம்மா. சீனித்தாய். பிள்ளை கிளம்பிட்டாளா?"

லேப் கண்ணாடிக்கு உள்ளே பொன்மணி திரையை நோக்கிக் குனிந்திருந்தாள். விரலால் எதையோ எண்ணினாள். திருத்தினாள்.

"கிளம்பிட்டாம்மா. பஸ்ல ஏத்திவிட்டாச்சு."

"அவிய கேட்டுக்கிட்டே இருக்காவ சார். வந்துட்டாளா, வந்துட்டாளான்னு. அதான் போன் போட்டேன்."

அவிய என்றால் சொந்தக்காரர்கள். தூக்க அவசரப்படுகிறார்கள். வெயில் நேரம், உடம்பு தாங்காது.

"வந்துருவா. அதுவரைக்கும் இருக்கச் சொல்லுங்கம்மா."

"இருக்கச் சொல்லுதேன் சார்."

குரலில் அழுகை இல்லை. அழுது முடித்துவிட்டாள் போல என்று நினைத்தான்.

நாலு மணிக்கு கிருஷ்ணப்ரியா முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் தாளாளர். முதல் புரோகிராம் கால்குலேட்டர். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டாவது நூலகம். தண்ணீர் கேட்டாள். தாளாளர் ஜெயகிருஷ்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது பொன்மணி.

"எங்கேருந்து எங்கே போகணும்னு சொல்லுங்க மேடம்."

"ம்... மத்தியானம் ரெண்டு மணிக்கு உங்க காலேஜ் வாசல்ல நிக்கிறேன். கோவில்பட்டி போகணும். என்ன பஸ்?"

பொன்மணி தட்டினாள். திரையில் 2.10 என்று வந்தது. மினி பஸ். ஒன்பது கிலோமீட்டர். இருபத்தைந்து நிமிடம்.

ஜெயகிருஷ்ணனின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். அதே ஒரு ரூபாய் போன் எண். துண்டித்தான். உடனே மறுபடி அதிர்ந்தது. அணைத்தே வைத்தான். அவன் நிமிர்ந்தபோது பொன்மணி ஏதோ சொல்லி முடித்திருந்தாள். கிருஷ்ணப்ரியா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். தாளாளரும் சிரித்தார். ஜெயகிருஷ்ணனும் சிரித்தான். அவன் திரையைப் பார்க்கவில்லை. கிருஷ்ணப்ரியாவின் முகத்தைப் பார்த்தான். அவள் பேனாவை மூடி மேஜைமேல் வைத்திருந்தாள்.

"இதெல்லாமா எழுதி வச்சிருக்கீங்க?" என்றாள்.

"அதுதானே மேடம் முக்கியம்" என்றாள் பொன்மணி.

நாலே முக்காலுக்கு முடிவு அறிவித்தார்கள். கிருஷ்ணப்ரியா மைக்கைப் பிடித்து, ஜனவரியில் தன் கம்பெனி இந்தக் கல்லூரிக்கு வரும் என்றாள். பொன்மணிக்கு எழுத்துத் தேர்வு வேண்டாம், நேர்முகம் மட்டும் போதும் என்றாள். கைதட்டல் அடங்க நேரமானது. பொன்மணி கோப்பையை வாங்கினாள். அதைப் பிடிக்கத் தெரியாமல், குடத்தை இடுக்குவது போல இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

தாளாளர் ஜெயகிருஷ்ணனின் தோளில் கை போட்டார். "நாளைக்கே ஹெச்.ஓ.டி. ரூமைப் பெருக்கச் சொல்லுதேன்வே."

அப்போதுதான் பொன்மணியின் அப்பா விஷயத்தை அவரிடம் சொன்னான். காலையில் போன் வந்தது என்று சொல்லவில்லை. போன் வந்தது என்று சொன்னான்.

தாளாளர் முகத்தை மாற்றிக்கொண்டார். "காலேஜ் வேன்ல கொண்டுபோய் விடும். நீரும் கூடப் போயிட்டு வாரும். எட்டயபுரத்துல நம்ம பேரைச் சொல்லி ஒரு மாலை வாங்கிக்கிடும். பெரிசா. ரோஜா மாலை."

வராந்தாவின் ஓரத்தில் பொன்மணியை நிறுத்தினான்.

"அப்பாவுக்கு லேசா முடியலையாம்."

அவளும் இந்தப் பக்கத்துப் பெண்தான். கோப்பையைத் தரையில் வைத்தாள்.

"எப்ப சார் போன் வந்துச்சு?"

"இப்பதான்."

"வீட்டுக்கா வரச் சொன்னாவ?"

அது அவனிடம் யாரும் சொல்லாத விஷயம். அவனும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. பிணம் வீட்டில்தான் இருக்கும்.

"ஆமா. வீட்டுக்குத்தான்."

கல்லூரி வாசலிலிருந்து வலது பக்கம் போனால் கோவில்பட்டி. வேன் இடது பக்கம் திரும்பியது. ஐந்து மணி பத்து நிமிடம். எட்டயபுரத்தில் டிரைவர் இறங்கிப் போய், செய்தித்தாளில் சுற்றிய மாலையைக் கொண்டுவந்து கடைசி இருக்கைக்கு அடியில் வைத்தார். வேன் கிளம்பியதும் வாசனை வந்தது. அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பொன்மணி, தாவணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின. பக்கத்து இருக்கையில் கோப்பை உருண்டு உருண்டு சத்தம் போட்டது. ஜெயகிருஷ்ணன் எட்டி அதைப் பிடித்துக்கொண்டான்.

ஊர் வந்தபோது ஆறு ஆகியிருந்தது. தெருவில் நாற்காலிகள் இல்லை. பந்தல் இல்லை. கொட்டுச் சத்தம் இல்லை. வீடு பூட்டிக் கிடந்தது. பட்டியில் ஆடுகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன. காலையிலிருந்து யாரும் திறந்துவிடவில்லை.

எதிர்வீட்டுப் பெருமாயி முறத்தோடு வெளியே வந்தாள்.

"ஏட்டி பொன்மணி, நீ என்ன இங்க நிக்க? ஆஸ்பத்திரிக்குப் போகலியா?"

"எந்த ஆஸ்பத்திரி?"

"கோவில்பட்டி பெரியாஸ்பத்திரி. காலையில உங்கப்பனை லாரிக்காரன் தட்டிட்டான்லா. வயித்துக்குள்ள ரத்தம் கட்டிக்கிடுச்சாம். ஆனா பேச்சு இருக்கு. நீ எப்ப வருவ, எப்ப வருவன்னுதான் ஒரே பேச்சாம். இப்ப பக்கத்துவீட்டு முத்தையா பாத்துட்டு வந்து சொன்னான்." அவள் வேனை எட்டிப் பார்த்தாள். "மத்தியானமே உன்னைப் பஸ் ஏத்திவிட்டாச்சுன்னு உங்க வாத்தியார் சொன்னாராமே?"

பொன்மணிக்குக் கடைசிச் சொற்கள் கேட்கவில்லை. அவள் ஓடிப்போய் வேனில் ஏறியிருந்தாள்.

ஜெயகிருஷ்ணன் ஒரு நிமிடம் அங்கேயே நின்றான். அவிய கேட்டுக்கிட்டே இருக்காவ. புருஷன் பெயரைச் சொல்லாத பெண்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவன் அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். அவிய. ஒரே ஒரு ஆள்.

வேன் திரும்பியது. பொன்மணி கண்ணைத் துடைத்திருந்தாள். முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். ஒருமுறை திரும்பி, "அந்தப் பூவைத் தூக்கி வெளிய போடுங்க சார்" என்றாள்.

அவன் மாலையை எடுத்தான். கனமாக இருந்தது. ஜன்னல் வழியே போடக் கை நீட்டினான். பிறகு, அவள் பார்க்காத நேரத்தில், திரும்ப இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டான். அவர் பிழைப்பார் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

கல்லூரி வாசலைக் கடந்தபோது பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வகணேஷ் வேனைப் பார்த்துக் கையசைத்தான்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது ஏழு அடிக்கப் பத்து நிமிடம். பொன்மணி முன்னால் ஓடினாள். ஜெயகிருஷ்ணன் படியேறும்போதே சத்தம் கேட்டது. புதிய அழுகை. அந்த வித்தியாசம் இப்போது அவனுக்குத் தெரிந்தது.

ஆறரைக்குப் போயிருந்தார்.

வார்டு வாசலில், தரையில், சீனித்தாய் உட்கார்ந்திருந்தாள். பொன்மணி அவள்மேல் விழுந்து கிடந்தாள். தங்கப்பாண்டி சுவரில் சாய்ந்திருந்தார். சட்டையெல்லாம் காய்ந்த ரத்தம்.

"ஒரே நினைவா இருந்தாவ" என்றாள் சீனித்தாய். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "ஒம்பது கிலோமீட்டர்தான, இன்னுமா வரலைன்னாவ. நான் பஸ் ஏறிட்டாள்னு சொன்னேன். சரின்னு கண்ணை மூடிக்கிடுவாவ. மறுபடி முழிச்சுக் கேப்பாவ. ஆட்டைப் பத்திக்கிட்டு வந்தாக்கூட இந்நேரம் வந்திருக்கலாமேட்டின்னாவ."

டிரைவர் படியேறி வந்தார். கையில் செய்தித்தாள் பொட்டலம். "சார், இது வண்டியிலேயே கிடந்துச்சு" என்றார். ஓரங்களில் ரோஜா இதழ் தெரிந்தது.

பொன்மணி தலையைத் தூக்கி மாலையைப் பார்த்தாள். அது எப்போது வாங்கியது என்று அவளுக்குத் தெரியும்.

ஜெயகிருஷ்ணன் மாலையை வாங்கிப் பிரித்தான். உள்ளே போய் உடம்பின்மேல் போட்டான். வாடவில்லை. ஒரு நிமிடம் கைகூப்பி நின்றுவிட்டு வெளியே வந்தான். தாளாளர் வரமுடியாத காரணத்தைத் தங்கப்பாண்டியிடம் சொன்னான். பொன்மணி முதல் பரிசு வாங்கியதையும் சொன்னான். தங்கப்பாண்டி தலையாட்டினார்.

போகலாம் என்று அவன் திரும்பியபோது சீனித்தாய் கூப்பிட்டாள்.

"சார்."

"சொல்லுங்கம்மா."

கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"மத்தியானம் நான் போன் போடும்போதே பஸ்ல ஏத்திவிட்டாச்சுன்னு சொன்னீயளே. அது எந்தப் பஸ்ஸு சார்? வழியில நின்னுபோச்சோ?"

பொன்மணி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக எழுந்து உட்கார்ந்து அவனைப் பார்த்தாள். அவள் தலைமுடியில் பென்சில் இன்னும் இருந்தது.

ஜெயகிருஷ்ணனுக்குத் திரையில் பார்த்தது நினைவுக்கு வந்தது.

"ரெண்டு பத்து மினி பஸ்ஸும்மா" என்றான்.

வார்டுக்குள் யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்தது.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பத்து கிடையாது சார்" என்றாள் பொன்மணி. "அந்த டிரைவர் அண்ணாச்சி சர்ச்சுக்குப் போயிட்டு வீட்டுலயே இருந்துக்கிடுவாவ. அதைச் சொன்னதுக்குத்தான் நீங்க எல்லாரும் சிரிச்சீய."